காருக்குள் ஐம்பது நிமிடம்

வின்னிபெக். மைனஸ் இருபத்தொன்பது.
எங்கள் வீட்டில் பூட்டுகிற கதவு
குளியலறைக்கு மட்டும்தான்.
அங்கே ஃபேன் போடாவிட்டால் எல்லாருக்கும் கேட்கும்,
போட்டால் எனக்கே கேட்காது.
அதனால் காரின் மூக்கிலிருந்து தொங்குகிற வயரைப் பிடுங்கிவிட்டு
உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.
குகன் கேட்டால் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்பேன்.
அது பொய்யில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்,
டிஸ்ரேலி பாலத்தின் நடுவில்
கைகள் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டன.
பின்னால் ஹோர்ன் மேல் ஹோர்ன்.
கீழே ஆறு, இன்னும் உறையாமல்.
அன்றிலிருந்து வேலைக்கு இரண்டு பஸ்,
பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இதயம் நல்லாய் இருக்கிறது என்று
ஈசிஜி காகிதத்தை நீட்டினார் டொக்டர்.
யாரோடாவது கதைத்துப் பாருங்கள் என்றார்.

படிவம் கேட்டது:
ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் பதற்றம் எவ்வளவு?
எனக்கு அது இலக்கமாக வருவதில்லை.
நெஞ்சு அடைக்கும். வயிற்றைக் கலக்கும்.
கை ஓடாது, கால் ஓடாது.
ஆறு என்று போட்டேன்.
ஐந்து என்றால், இதற்கா வந்தாய் என்பார்கள்.
ஏழு என்றால் ஆம்புலன்ஸ் வந்துவிடுமோ என்று பயம்.
தொடர்பு அறுந்தால் யாரைக் கூப்பிடலாம்
என்றொரு கட்டம்.
அதில்தான் அரை மணி நேரம் நின்றேன்.

முதலில் பிரென்னா. நல்லவள், பொறுமைசாலி.
மச்சாள் என்றால் யார் என்று விளக்கவே
பன்னிரண்டு நிமிடம் போனது.
என் காசில் அவளுக்கு உறவுமுறைப் பாடம்.

பிறகு மிதுஷா.
வணக்கத்துக்கு முன்னமே கேட்டுவிட்டேன்,
நீங்கள் எந்த ஊர்?
சிரித்தாள்.
ஏன் கேட்கிறீங்கள் என்று விளங்குது, என்றாள்.
ஊரைச் சொல்லவில்லை.
இங்கே கதைப்பது இங்கேயே நிற்கும்,
உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் வெளியே போகும் என்றாள்.
என்னை அக்கா என்று கூப்பிடவுமில்லை.
கூப்பிட்டிருந்தால்
நான் அவளுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கியிருப்பேன்.

இன்று மூன்றாவது தடவை.
திரையின் மூலையில் என் முகம்,
வகிடு கோணல்.
பயம் என்று சொல்லும்போது படம் உறைந்து
என் வாய் திறந்தபடி நின்றது.
திரும்பி வந்ததும் அவள் கேட்டாள்:
இப்படி, ஃபோன் வழியாக,
உங்களுக்குச் சரிவருகுதா?
இல்லையென்றால் சொல்லுங்கோ,
நேரில் பார்க்கிற ஒருவரைத் தேடித் தாறன்.
எனக்குக் கோபம் வராது.

சரிவருகுது என்று சொல்ல வாய் போனது.
விருந்து வீட்டில் உப்பில்லாத கறியை
நல்லாயிருக்கு என்று சொல்கிற அதே வாய்.

ஆனால் கமெராவுக்கு எட்டாத இடத்தில்
என் வலது கால்.
நிற்கிற காரில்
பிரேக்கை மிதித்தபடி
நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்று தடவையாய் அவள் பார்த்தது
என் தோளுக்கு மேலேதான்.
ஒரே அறையில் இருந்திருந்தால்
முதல் நாளே கண்டிருப்பாள்.
ஒரே அறை என்றால்
பாலம் கடந்து போக வேண்டும்.

ஃபோனைக் கழற்றிக்
கீழே பிடித்தேன்.
இதைப் பாருங்கோ.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.
மறுபடி உறைந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.
எவ்வளவு நேரமாய் மிதிக்கிறீங்கள், என்றாள்.
நவம்பரிலிருந்து, என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த கிழமையும் வருவீங்களா?
பார்ப்பம்.

அந்தப் படிவத்தில் இதற்கொரு கட்டம் இல்லை.
அவள் தமிழ், விட்டுவிட்டாள்.

திரை இருண்டது.
கண்ணாடியில் என் மூச்சு வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
மெல்லக் காலை எடுத்தேன்.
கார் எங்கும் போகவில்லை.